உருட்டிச் செல்லவும்

ஆளில்லாத பாதையாம். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில், ஊவா மலைப்பக்கம் சைக்கிள் ஓட்ட வருகிறவர்களுக்காக யாரோ அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். எங்கள் குளத்தைச் சுற்றி ஓடுகிற சாலையைப் பற்றித்தான். நீர், மூடுபனி, தேயிலைச் சரிவு, டர்பன்டைன் மரங்களின் வாசம், எதிரே ஒரு வாகனம்கூட வராத நிம்மதி. எல்லாம் சரி. முடிவில் அந்த வரி: ஆளில்லாத அமைதியான பாதை.

வாசித்துக்கொண்டிருந்த தேநீர்க் கடையிலேயே பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். விடியற்காலையில் அந்தச் சாலையில் பால் கேன்களோடு போகிறவர்கள், கொழுந்துப் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு போகிறவர்கள், சப்பாத்தைக் காலில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுகிற பிள்ளைகள், இத்தனை பேரும் அந்த மனிதரின் கண்ணில் மரமாகத் தெரிந்தார்களா, தேயிலைச் செடிக்கு மட்டம் பார்க்கிற மட்டக்கம்பாகத் தெரிந்தார்களா? ஆள் என்றால் யார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்? சரி, எங்களை எல்லாம் விடுங்கள். அந்தச் சாலையில் ஒரு மனுஷி சைக்கிள் ஓட்டினார். அவர் ஓட்டிய பாதையை ஆளில்லாத பாதை என்று எழுத ஒருவருக்குக் கை வருமானால், பதில் எழுத எனக்கும் கை வரும்.

பெயர் சொல்லப் போவதில்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் ஆயம்மா. கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற பிள்ளைக் காம்பராவில் வேலை. பத்து, பதினைந்து குழந்தைகளைத் தொட்டிலில் போட்டு, ஒன்றை இடுப்பிலும் ஒன்றை வாயாலும் அடக்குகிற வேலை. எனக்கு அக்கா. அவருக்கு நான் நானா, எங்கள் பேச்சில் அண்ணன். முஸ்லிம் கடைக்காரன் எவனாக இருந்தாலும், எந்த வயதாக இருந்தாலும், அங்கே நானாதான்.

என் கடை அணைக்கட்டு தொடங்குகிற இடத்தில் இருந்தது. மலைநாட்டில் சைக்கிள் ஒரு வேண்டாத சாமான். ஏற்றத்தில் நாம் அதைச் சுமக்க வேண்டும், இறக்கத்தில் அது நம்மைச் சுமந்துகொண்டு போய்ப் பள்ளத்தில் போடும். ஆனால் எங்கள் குளத்தைச் சுற்றி முக்கால்வாசி சமதரை. அதனால் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சைக்கிள் இருந்தது. அக்காவிடம் இருந்தது கம்பி வைக்காத பச்சைச் சைக்கிள். ஒரு பக்கம்தான் பிரேக் பிடிக்கும். முன்கூடையில் பால்மா டின், குழந்தைத் துணி, ஒரு குடை.

அந்தச் சைக்கிளிலிருந்து அவர் இறங்க மாட்டார்.

இறங்க மாட்டார் என்றால், யாருக்காகவும், எதற்காகவும் வழியில் இறங்க மாட்டார். வீட்டு வாசலில் ஏறினால் பிள்ளைக் காம்பரா வாசலில்தான் கால் தரையில் படும். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால், அவரைச் சுற்றி வட்டமடிப்பார். பாதி வாக்கியம் நம் முகத்துக்கு வரும், பாதி முதுகுக்கு. முழுவதையும் முகத்தில் வாங்க வேண்டுமென்றால் நாமும் கூடவே சுழல வேண்டும். என் கடைக்கு வந்தால் முன்தூணை இடது கையால் பிடித்துக்கொண்டு, மிதியில் கால் வைத்தபடியே, வலது கையை நீட்டிச் சாமான் வாங்குவார்.

"எறங்கி நிம்மதியா வாங்கிட்டுப் போங்களேன் அக்கா."

"எறங்குனா திரும்ப ஏறணும் நானா. ஒரு வேலைய ரெண்டு வேலையா ஆக்குறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

இதுதான் அவர் சொல்கிற காரணம். கொஞ்சநாள் நானும் அதை நம்பினேன்.

கோயிலைக் கடக்கும்போதும் இறங்க மாட்டார். இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார், சைக்கிள் தன் பாட்டுக்கு ஓடும். பூசாரி வாசலில் நின்று ஏசினால், "சாமியும்தான் தேர விட்டு எறங்காம ஊர் சுத்துது" என்று சொல்லிவிட்டுப் போவார். தொழிற்சங்கத்துத் தலைவர் ஒருநாள் சந்தா விஷயமாக அவரை மறித்துப் பேசினார். அக்கா அவரைச் சுற்றத் தொடங்கினார். தலைவர் தடித்த மனிதர், இரண்டு சுற்றிலேயே கிறுகிறுத்துப் போனார்.

"ஒரு எடத்துல நில்லும்மா!"

"நீங்க நிக்கிறீங்கல்ல தலைவரே. ஒருத்தர் நின்னா போதாதா?"

கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் தேநீரை மூக்கால் விட்டார்கள்.

சிரிப்பு மட்டுமே என்று நினைத்துவிட வேண்டாம். லயத்தில் ஒரு பெரியவர் இறந்தார். பாடை குளக்கரைச் சாலையில் வருகிறது. வருகிறவன் போகிறவன் எல்லாம் ஓரத்தில் ஒதுங்கி, சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறான். நானும் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றேன். அக்கா மட்டும் இறங்கவில்லை. பக்கத்து மண்மேட்டில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, சைக்கிளிலேயே இருந்தார். செத்தவரின் மகன் பாடையைத் தூக்கிக்கொண்டு போகும்போதே அவரைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அன்று சாயந்திரம் தூணைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றபோது எனக்கும் கோபம்தான்.

"அது சரியில்ல அக்கா. ஒரு மய்யத்து போறப்ப..."

"செத்தவரு என்னைய எறங்கச் சொல்லல நானா." குரல் கம்மிப் போயிருந்தது. அழுதிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. "அவரு உசிரோட இருந்தப்ப யாரு யாருக்கோ எறங்குனவரு. எனக்குத்தான் தெரியும்."

அவ்வளவுதான் சொன்னார். லயத்தில் பலபேர் அதற்குப் பிறகு அவரோடு சரியாகப் பேசவில்லை. திமிர் பிடித்தவள் என்றார்கள். எனக்கும் சமயத்தில் அப்படித்தான் தோன்றியது. இறங்கினால்தான் என்ன? ஒரு காலைத் தரையில் வைத்தால் குறைந்தா போய்விடும்?

பிறகு ஹோட்டல் வந்தது.

அணைக்கட்டின் அந்தப் பக்கத்து முனையில், மேட்டில், பழைய துரை பங்களா. வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்து வௌவால் குடியிருந்த கட்டடம். கொழும்பிலிருந்து ஆட்கள் வந்து வெள்ளையடித்தார்கள், குத்தகைக்கு எடுத்ததில் அணைக்கட்டும் சேர்த்தி என்றார்கள். சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கான ஹோட்டல். குளத்தைச் சுற்றி ஒரு சுற்று, தேயிலைக்குள்ளால் ஒரு சுற்று, தெமோதரை வரைக்கும் இறங்கி ஏறுகிற ஒரு பெரிய சுற்று என்று பாதைகளுக்கு நிறம் நிறமாக அம்புக்குறி அடித்தார்கள். தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும் உடம்போடு ஒட்டிய உடுப்புமாக விருந்தாளிகள் வந்தார்கள்.

"என்னா நானா இது, தோல உரிச்சுப் போட்டுட்டு ஓடி வந்த மாதிரி" என்று அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனால் அவருக்கு அவர்களைப் பிடித்துப் போனது. சைக்கிளை விட்டு இறங்காமல் தண்ணீர் குடிக்கிறவர்கள், இறங்காமல் பழம் தின்கிறவர்கள். தன் இனத்தைக் கண்டுபிடித்தவர் போல ஆகிவிட்டார். ஒரு காலையில் கொழும்புப் பெண்ணொருத்தி அவருக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தாள். இருவருக்கும் பொதுவான பாஷை கிடையாது. அணைக்கட்டு தொடங்கியதும் அக்கா எழுந்து நின்று மிதித்தார். பால்மா டின் கடகடவென்று ஆட, சேலை முந்தானை இடுப்பில் இறுக, காற்று மாதிரிப் போனார். அந்தப் பெண் அடுத்த முனையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டே கை தட்டினாள்.

அன்று யாரோ எடுத்த படம்தான் பிறகு பலகையில் ஏறியது. என் கடைக்கு எதிரே, அணைக்கட்டின் வாயில், இரண்டு இரும்புக் கால்களில் ஒரு பெரிய பலகை. அதில் முழுக்க அக்கா. பல் தெரியச் சிரிக்கிறார், கூடையில் டின், பின்னால் குளம். ஏரியைச் சுற்றி எங்களோடு வாருங்கள் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் அவர் கோபப்படவில்லை.

"நான் இவ்வளவு கறுப்பா நானா?"

"வெயில்ல எடுத்திருக்காங்க அக்கா."

"பல்லு நல்லா விழுந்திருக்கு." இரண்டு தரம் பலகையைச் சுற்றி வட்டமடித்துப் பார்த்துவிட்டுப் போனார்.

சில மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்கும்போது, அதே பலகையில், அக்காவின் படத்துக்குக் கீழே, புதிதாக ஒரு தகடு. தோட்ட மக்கள் அணைக்கட்டின் மீது சைக்கிளை உருட்டிச் செல்லவும். பக்கத்தில் ஒரு தடைக்கம்பு, ஒரு காவல் கொட்டில். விருந்தாளிகளின் ஓட்டத்துக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். இடைஞ்சல்! அணைக்கட்டுக்கு மண் சுமந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இடைஞ்சல். படத்தில் இருந்தால் அழகு, பாதையில் வந்தால் இடைஞ்சல். சிரிக்கிற முகத்துக்குக் கீழேயே அதை அறைந்து வைக்க ஒரு மனிதனுக்கு எப்படிக் கை வந்தது என்று இன்றைக்கும் நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது.

அதைவிட எனக்கு எரிந்தது இன்னொன்று. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. தகட்டை வாசித்தார்கள், இறங்கினார்கள், உருட்டினார்கள். முதல் நாளே, ஏதோ நேற்றுவரை பழகிய காரியம் மாதிரி. வாசிக்கத் தெரியாதவர்கள் முன்னால் போகிறவனைப் பார்த்து இறங்கினார்கள். தலைவர் ஹோட்டல் மெனேஜரிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று போனார். திரும்பி வந்து, தன்னை நாற்காலியில் உட்கார வைத்ததை மூன்று நாள் சொன்னார்.

"நல்ல மனுசன். ரெண்டு நிமிச நடதானே, இதுக்குப் போயி என்னாங்குறாரு."

உண்மைதான், இரண்டு நிமிட நடைதான். அதற்குமேல் அந்த அணைக்கட்டு நீளமில்லை. என் மனைவிகூட அதைத்தான் சொன்னாள். அந்த இரண்டு நிமிடத்தை நடக்காமல் இருப்பதற்காக அக்கா மறுநாளிலிருந்து குளத்தை மறுபக்கமாகச் சுற்றினார். மறுபக்கத்தில், பாறை நீருக்குள் இறங்குகிற இடத்தில், சாலை மலைமேல் ஏறி இறங்கும். மேட்டுப் பாதை என்போம். ஆம்பிளைகள் தள்ளிக்கொண்டு ஏறுகிற மேடு. காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு ஆட்கள் கூடுவதற்கு வெகுநேரம் முன்பே கிளம்பி, இருட்டில், எழுந்து நின்று மிதித்து ஏறினார். பிள்ளைக் காம்பராவுக்கு ஒருநாளும் பிந்தவில்லை. பிந்தினால் தாய்மார் குழந்தைகளோடு வெளியே நிற்க வேண்டும். மலைக்குப் பிந்திப் போகிறவளுக்கு அரைநாள் பேர்தான் விழும், அரைச் சம்பளம்தான்.

மாலையில் திரும்பும்போதும் அதே மேடு. முகம் வற்றிப் போனது. ஒரு சாயந்திரம் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினபோது என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னத்துக்கு அக்கா இந்தப் பிடிவாதம்?"

தூணை விடாமல், தாடையால் பங்களாவைக் காட்டினார். பிறகுதான் சொன்னார்.

துரைமார் காலத்தில் பங்களா வாசலைக் கடக்கிறவன் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். மழையென்றாலும் குடையை மடக்க வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைக்க வேண்டும். இது எல்லாத் தோட்டத்திலும் இருந்ததுதான், எனக்கும் தெரியும். எனக்குத் தெரியாதது, நான் கடை போடுவதற்கு முன்னால், துரை போய், பங்களாவைப் பூட்டி, கூரை ஓடு விழுந்த பிறகும் எங்கள் தோட்டத்து ஆட்கள் அங்கே இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்பது. அக்காவின் அப்பாவும் இறங்கினார். அக்கா அப்போது சின்னப் பிள்ளை, சைக்கிள் கம்பியில் உட்கார்ந்திருக்கிறார். மழை. அப்பா இறங்குகிறார், குடையை மடக்குகிறார், பிள்ளை நனைகிறது.

"உள்ள யாருப்பான்னு கேட்டேன். யாரும் இல்லன்னாரு. அப்ப எதுக்கு எறங்குறீங்கன்னேன்." அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "'இருந்தா?'ன்னாரு நானா. அவ்வளவுதான் சொன்னாரு. இருந்தா. அவரு சாகுற வரைக்கும் அந்த வௌவாலுங்களுக்கு எறங்குனாரு."

ஒரு மனிதனைச் சாட்டையால் அடித்து இறக்கலாம். சாட்டை போன பிறகும், கை போன பிறகும், அடித்தவனின் எலும்பே மக்கிய பிறகும் அவன் இறங்கிக்கொண்டே இருக்கும்படி செய்திருக்கிறார்களே, அதற்கு என்ன பெயர்? அன்றிலிருந்து அக்காவை இறங்கி வாருங்கள் என்று நான் சொன்னதில்லை.

ஐப்பசி கழிந்து மழை பிடித்தது. மீரியபெத்தத் தோட்டம் மலை சரிந்து ஆட்களோடு மண்ணுக்குள் போனதிலிருந்து எங்கள் பக்கத்தில் மழை இரைந்தால் யாருக்கும் நித்திரை வராது. அந்த வாரம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் மேட்டுப் பாதை சரிந்தது. மரமும் மண்ணுமாகச் சாலையை மூடிவிட்டது. பிள்ளைக் காம்பராவுக்குப் போக அணைக்கட்டைத் தவிர வேறு வழியில்லை.

விடிந்தும் விடியாமலும் அக்கா வந்தார். காவல் கொட்டிலில் இருந்தவர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. ஹோட்டல் உடுப்பு, தொப்பி, விசில். இத்தனை மாதமும் அக்கா மேட்டுப் பாதையில் சுற்றியதற்கு இவரும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றும். அவரைச் சங்கடத்தில் மாட்டிவிட வேண்டாம் என்றுதான். அன்றைக்கு வேறு வழியில்லாமல் இருவரும் நேருக்கு நேர். அக்கா தடைக்கம்பைப் பிடித்துக்கொண்டு சைக்கிளிலேயே இருந்தார்.

"கம்பத் தூக்கு."

"எறங்கி உருட்டிட்டுப் போ அக்கா. இந்த மழையில எவனும் பாக்க வரல."

"நீ பாக்குறியே."

"நான் யாரு?"

"அதத்தாண்டா நானும் கேக்குறேன். நீ யாரு?"

தம்பிக்கு முகம் சுருங்கியது. "எனக்கு ரெண்டு புள்ள இருக்கு. நீ ஏறிப் போனேன்னு தெரிஞ்சா இன்னைக்கே நிப்பாட்டிருவானுங்க. ஒன் கால வேணும்னா புடிக்கிறேன்."

குளத்துக்கு அந்தப் பக்கம் பிள்ளைக் காம்பராத் தாழ்வாரத்தில் பெண்கள் கூடியிருப்பது தெரிந்தது. மழையில் குழந்தைகளின் அழுகை நீருக்கு மேலால் நூல் மாதிரி வந்தது. அக்கா அந்தப் பக்கம் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். பலகையை, அதில் சிரித்துக்கொண்டிருந்த தன்னைப் பார்த்தார். இன்றைக்கு இறங்கிவிடுவார் என்றே நினைத்தேன்.

"பலகையில என்னா போட்டுருக்கு? வாசி."

"ஒனக்குத் தெரியாதா?"

"வாசிடா."

தம்பி பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி வாசித்தார். "தோட்ட மக்கள் அணைக்கட்டின் மீது சைக்கிளை உருட்டிச் செல்லவும்."

"எறங்கச் சொல்லி எங்கயாச்சும் போட்டுருக்கா?"

"இல்ல..."

"அப்ப நான் ஒக்காந்திருக்கேன். நீ உருட்டு. சைக்கிளும் உருளும், ஒன் வேலையும் போகாது."

தம்பி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தவர், கம்பைத் தூக்கிவிட்டு, ஒரு கையால் ஹேண்டிலையும் மறு கையால் இருக்கையின் பின்பக்கத்தையும் பிடித்து உருட்டத் தொடங்கினார். அக்கா கூடையிலிருந்து குடையை எடுத்து விரித்தார். தம்பியின் தலையும் நனையாத மாதிரிப் பிடித்துக்கொண்டார். பங்களா வாசலைக் கடந்து, விரித்த குடையோடு, அசையாமல் உட்கார்ந்தபடி போனார். அம்மன் ஊர்வலம்கூட அந்த அணைக்கட்டில் அவ்வளவு அழகாகப் போனதில்லை.

மறுநாள் இரண்டு சோடி. ஒருவர் உட்கார, ஒருவர் உருட்ட. அதற்கு மறுநாள் எண்ணவில்லை. வயசான கங்காணியைப் பேரன் உருட்டினான். புருசனைப் பெண்சாதி உருட்டினாள், நடுவில் இறக்கிவிட்டு, "இப்ப நீ உருட்டு" என்று ஏறிக்கொண்டாள். அணைக்கட்டு முழுக்க ஆமை வேகத்தில் சைக்கிள்கள், இடையில் தலைக்கவச விருந்தாளிகள் மணியடித்துக்கொண்டு நின்றார்கள். விதியை யாரும் மீறவில்லை. மெனேஜரால் ஏச முடியவில்லை. தம்பியைக் காவலிலிருந்து எடுத்து ஹோட்டல் பூந்தோட்டத்தில் புல் வெட்டப் போட்டார், அவ்வளவுதான் முடிந்தது.

இத்தோடு தகட்டைக் கழற்றியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? நானும் நினைத்தேன். விருந்தாளிகளுக்கு அந்தக் காட்சி பிடித்துப் போயிற்று. படமெடுத்தார்கள், இது என்ன பழக்கம் என்று கேட்டார்கள். மெனேஜர் கெட்டிக்காரர். எங்கள் வயிற்றெரிச்சலை இந்தத் தோட்டத்தின் பரம்பரை வழக்கம் என்று சொல்லிவிட்டார். சனிக்கிழமை சாயந்திரங்களில் விருந்தாளிகள் சைக்கிளில் உட்கார, தலைப்பாகை கட்டிய எங்கள் ஆட்கள் அவர்களை உருட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. தலைப்பாகையை ஹோட்டலே கொடுக்குமாம். துண்டை அவிழ்க்க வைத்த அதே வாசலில், இப்போது கட்டச் சொல்கிறார்கள்! எங்களிடமிருந்து எடுக்க ஒன்றுமில்லை என்று ஆன பிறகு எங்கள் எதிர்ப்பையும் எடுத்துக்கொண்டார்கள்.

முதல் சனிக்கிழமை. அணைக்கட்டு வாயில் விருந்தாளிகள், கேமராக்கள். மெனேஜர் வெள்ளைச் சட்டையில் நின்றார். அவர் துரை இல்லை, சேர் என்றுதான் கூப்பிடச் சொல்வார். பங்களாவில் குடியிருக்கிறவரை எங்கள் ஆட்கள் வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? அக்கா வேலை முடிந்து, சந்தைக்கும் போய்விட்டு, கடைப் பக்கத்துச் சாலையில் வந்தார். மெனேஜர் கையைத் தூக்கி மறித்தார். அக்கா அவரைச் சுற்றத் தொடங்கினார்.

"ஆயம்மா, நல்ல நேரத்தில வந்தீங்க. இவங்களுக்கு அந்த வழக்கத்த ஒருக்கா காட்டுங்களேன். நீங்கதானே தொடங்கி வச்சது."

"காட்டுறேனே தொர."

"யாரு உருட்டுறது? தம்பிய வரச் சொல்லவா?"

அக்கா வட்டத்தை நிறுத்தி, மெனேஜரின் தோளைப் பிடித்துக்கொண்டார். என் கடைத்தூணைப் பிடிக்கிற மாதிரியே.

"அவன் புல்லு வெட்டுறான். நீங்க உருட்டுங்க."

கேமராக்கள் தூக்கியபடி இருந்தன. ஒரு வெள்ளைக்காரப் பாட்டி கை தட்டத் தொடங்கினாள், மற்றவர்களும் தட்டினார்கள். மெனேஜர் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வார்? ஹேண்டிலைப் பிடித்தார். அக்கா கனத்த உடம்புக்காரர், அன்று கூடையில் சந்தைச் சாமானும் இருந்தது. கடை முனையிலிருந்து பங்களா முனைவரை உருட்டினார், அங்கே திருப்பச் சொல்லித் திரும்பவும் கடைவரை உருட்ட வைத்தார் அக்கா. வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"சரியா ஆயம்மா?" மூச்சிரைத்தது.

"சரி தொர. திங்கக்கெழம காலையிலயும் வந்துருங்க. நான் வெள்ளனாவே வந்துருவேன். தினம் போறவ."

கடையில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பு குளத்துக்கு அந்தப் பக்கம் கேட்டிருக்கும். நான் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தில் சிரிப்பு இல்லாததைப் பார்த்தேன்.

திங்கட்கிழமை வழக்கத்தைவிட முன்னதாகவே வந்துவிட்டார். தடைக்கம்பு தூக்கியபடி இருந்தது, கொட்டிலில் ஆளில்லை. போயிருக்கலாம். போகவில்லை. என் தூணைப் பிடித்துக்கொண்டு சைக்கிளில் இருந்தார். பின்னால் வந்த பால்காரர் அவரைப் பார்த்து நின்றார். அவருக்குப் பின்னால் தொழிற்சாலைக்குப் போகிற இரண்டு பேர், பிறகு பெண்கள். எல்லோரும் பழக்கத்தில் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"என்னத்துக்கு எறங்கி நிக்கிறீங்க?" அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏறி ஒக்காருங்க. விழுந்துருவீங்கன்னா பக்கத்து ஆளப் புடிச்சிக்கங்க."

ஒவ்வொருவராக ஏறினார்கள். பால்காரர் அக்காவின் இருக்கையைப் பிடித்துக்கொண்டார், அவர் தோளை அடுத்தவர், அவர் தோளை அதற்கடுத்தவர். அசையாத ஒரு வரிசை, ஒருவர் கால்கூடத் தரையில் இல்லை. வரிசையின் முழுப் பாரமும் என் கடைத்தூணில். தூண் கிறீச்சிட்டது. இடிந்தாலும் இடியட்டும் என்று நினைத்தேன்.

ஹோட்டல் சமையலறை ஆள் ஒருவர் அணைக்கட்டு வழியாக ஓடி வந்தார்.

"ஆயம்மா, மெனேஜர் ஒங்கள ஏறியே போகச் சொல்லிட்டாரு."

"என்னையவா, எல்லாரையுமா?"

அவர் வரிசையைப் பார்த்தார். "ஒங்களன்னுதான் சொன்னாரு."

"அப்ப அந்தத் தகடு?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"அத ஒங்க கையாலயே கழட்டிட்டுச் சொல்லுங்க. நாங்க இருக்கோம்."

அந்த ஆள் பலகைக்குக் கிட்டப் போய்த் தடவிப் பார்த்துவிட்டு வந்தார். தகட்டைத் தனியாக எடுக்க முடியாது, பலகையோடு சேர்த்து ஒட்டி ஆணி அடித்திருக்கிறார்கள், எடுத்தால் முழுப் பலகையும்தான் என்றார். நான் கடைக்குள் போய் ஸ்பேனரை எடுத்து வந்து நீட்டினேன். அவர் அதைத் தொடப் பயந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அப்போது பூந்தோட்டத்திலிருந்து அக்காவின் தம்பி வந்தார். காலெல்லாம் புல். யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கி, பலகையின் இரும்புக் காலருகே குந்தி, முதல் நட்டைத் திருகத் தொடங்கியவர், பாதியில் தலையைத் தூக்கினார்.

"அக்கா, ஒன் படமும்ல சேந்து போகும்?"

"போகட்டும்டா," என்றார் அக்கா, தூணைவிட்டுக் கையை எடுத்து மிதியை அழுத்திக்கொண்டே. "நான்தான் இங்க இருக்கேனே."